மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள்

கேள்வி:

ஐயா, நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் மும்பைக்கு வடக்கே நாலாசோபாராவில் இருக்கிறோம். சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும், பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். போன மாதம் குடியிருப்பு சொசைட்டி செகரட்டரி, பாட்டுச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு என் மகன் கேட்டான். அவனுக்குப் பதினேழு வயது. "அம்மா, நாளைக்கு கிறிஸ்தவனா இருக்கிறதே குத்தம்னு சட்டம் வந்துட்டா என்ன பண்ணுவ? இயேசு வேண்டாம்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடு, விட்டுடறோம்னு சொன்னா?" செத்தாலும் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. இவனுக்காக நான் போட்டுவிடுவேன் என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் கணவரின் சான்றிதழில் இந்து என்றுதான் இருக்கிறது. படிப்புக்காக மாமனார் அன்றைக்கு அப்படிக் கொடுத்தார். அப்படியென்றால் நாங்கள் ஏற்கனவே மறுதலித்தவர்களா? மகனுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. எங்களைப் போன்றவர்களை வைத்துக்கொண்டு விசுவாசம் பிழைக்குமா?

— ஒரு சகோதரி, நாலாசோபாரா

பதில்:

பிரியமான சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முப்பது வருடம் இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் மகன் கேட்டதை நானும் தேர்வுத்தாளில் விதவிதமாகக் கேட்டிருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால், பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை என்று ஒருவரும் எழுதியதில்லை. அதனால் பாடம் நடத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் செகரட்டரி விஷயத்தை முடித்துவிடுவோம். அது உபத்திரவம் இல்லை. உங்கள் பக்கத்துக் கட்டடங்களில் வீட்டுக்கு வீடு மெல்லிய சுவர்தான். டோலக்கும் கைத்தாளமும் சேர்ந்தால் மேல்மாடியில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? மைக் இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு முடியுங்கள், செகரட்டரி வீட்டுக்கு நீங்களே போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். 2008 ஆகஸ்டில் ஒடிசாவின் கந்தமாலில், எரிகிற வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். பல்லாயிரம் பேர். ஊருக்குத் திரும்பவேண்டுமானால் மதம் மாறிவிட்டு வா என்று மிரட்டப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. உபத்திரவம் என்ற வார்த்தையை அவர்களுக்காக வைத்திருக்கவேண்டும். வாட்ஸ்அப் செய்திக்கெல்லாம் அதை எடுத்துவிட்டால், நிஜமாகத் தேவைப்படுகிற நாளில் நம் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள்.

இன்றைக்கு இந்த நாட்டில் கிறிஸ்தவனாக இருப்பது குற்றம் இல்லை. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன, அவற்றின் கீழ் போதகர்கள் கைதாவதும் நடக்கிறது. அதை நான் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் மகன் கேட்டது இன்னும் வராத ஒரு நாளைப் பற்றி. சரி, அதற்கே வருவோம்.

'இரத்தசாட்சிகளின் இரத்தமே சபையின் வித்து.' கன்வென்ஷன் பந்தலில் இதைச் சொன்னால் உடனே அல்லேலூயா சத்தம் எழும். இந்தக் கருத்தை முதலில் எழுதியவர் ஆதிச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன், 197-ஆம் ஆண்டு வாக்கில். அவருடைய ஊர் கார்த்தேஜ், இன்றைய துனிசியாவில் இருக்கிறது. சிங்கத்துக்கு முன்னால் நின்றவர்களைக் கண்ட சபை அது. சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் படித்த ஊரும் அதுதான். அந்தச் சபை இன்று எங்கே? 698-ல் அரபுப் படைகள் கார்த்தேஜைப் பிடித்தன. அதற்குப் பிறகு சில நூற்றாண்டுகளில், பெரும்பாலும் பெரிய படுகொலை என்று எதுவும் இல்லாமலே, கொஞ்சம் கொஞ்சமாக அது கரைந்துபோனது. வித்து என்று எழுதிய மண்ணிலேயே பயிர் இல்லை. பந்தலில் இதை யாரும் சொல்வதில்லை.

எகிப்தும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் அரபு ஆட்சிக்குள் போனது. அங்கேயும் கிறிஸ்தவர்களுக்குத் தனி வரி, இரண்டாந்தர நிலை எல்லாம் உண்டு. ஆனால் எகிப்தின் பழைய கிறிஸ்தவ சபையான கோப்து சபை இன்றும் உயிரோடு இருக்கிறது. எகிப்தியரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் என்று கணக்கிடுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? வரலாற்றாளர்கள் பலர் சொல்கிற ஒரு காரணம் மொழி. வட ஆப்பிரிக்கச் சபை பெரும்பாலும் லத்தீன் பேசிய நகரத்துச் சபை. உள்நாட்டு பெர்பர் மக்களின் பேச்சுக்குள் வேதம் இறங்கவில்லை. எகிப்திலோ கிராமத்து விவசாயி பேசுகிற கோப்து மொழியிலேயே வேதமும் ஜெபமும் இருந்தன, பக்கத்திலேயே துறவிகளின் மடம் இருந்தது. உங்கள் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

இப்போது ஜப்பான். உங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிற கதைதான் இது. நாலாசோபாரா மேற்கிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் காஸ் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே புனித கொன்சாலோ கார்சியா பெயரில் ஓர் ஆலயம். புனிதர்களை வணங்குகிற வழக்கம் இல்லாத சபையைச் சேர்ந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன், பரவாயில்லை, ஒரு ஞாயிறு சாயங்காலம் மகனோடு போய்ப் பாருங்கள். கொன்சாலோ உங்கள் பக்கத்து வசாயில் பிறந்தவர். அப்பா போர்ச்சுகீசியர், அம்மா வசாய்ப் பெண். வியாபாரத்துக்காக ஜப்பான் போய், அந்த மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டு, பிறகு பிரான்சிஸ்கன் துறவற சபையில் சகோதரராகச் சேர்ந்தார். குரு இல்லை, உபதேசியார் மாதிரிதான். 1597 பிப்ரவரி 5-ஆம் தேதி நாகசாகியில் ஒரு குன்றின்மேல் 26 பேரைச் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அவர்களில் இவரும் ஒருவர். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனும் அதில் இருந்தான். 1862-ல் ரோம் இவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

இந்த 26 பேரைப் பற்றித்தான் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அன்றைக்கு ஜப்பானில் ஏறக்குறைய மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள். 1614-ல் நாடு முழுவதும் தடை வந்தது. பாதிரிகளுக்குப் பின்னால் பீரங்கியும் வரும் என்று அந்த ஆட்சியாளர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்று சொல்லமுடியாது. அதே போர்ச்சுகல் ராஜ்யம் 1560-லிருந்து கோவாவில் மத விசாரணை மன்றம் வைத்து என்னென்ன செய்தது என்பதை நாமும் மறைக்கக்கூடாது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது கியூஷு தீவின் ஏழை விவசாயிகளும் மீனவர்களும்.

தடை வந்து சில வருடங்களில் அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இயேசுவின் உருவமோ மரியாளின் உருவமோ உள்ள ஒரு சின்னத் தகட்டை மரப்பலகையில் பதித்து, தரையில் வைப்பார்கள். புத்தாண்டு பிறந்ததும் நாகசாகியில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவராக வந்து வெறுங்காலால் அதை மிதிக்கவேண்டும். எழுந்திருக்க முடியாத நோயாளியிடம் தகட்டையே கொண்டுபோவார்கள். கைக்குழந்தை என்றால், தாய் அதன் பாதத்தைப் பிடித்து அதன்மேல் வைக்கவேண்டும். மிதிக்காதவனுக்குச் சித்திரவதை, பிறகு சாவு. இருநூறு வருடத்துக்கு மேல், வருடா வருடம் நடந்தது இது.

அந்தத் தகடுகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வகுப்பில் அந்தப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நான் ஒன்றும் பேசமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒரு மாணவர் கவனித்துவிடுவார்: "ஐயா, முகம் இல்லையே." ஆமாம், மிதிபட்டு மிதிபட்டு முகம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. எத்தனை பாதங்கள் பட்டால் உலோகம் அப்படித் தேயும் என்று நினைத்துப் பாருங்கள். அதில் சின்னக் குழந்தைகளின் பாதங்களும் உண்டு.

நம்பாதவனும் மிதித்தான், நம்பினவனும் மிதித்தான். நம்பினவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு ஜெபம் சொன்னார்கள். அதற்கு 'கொன்சிரிசான்' என்று பெயர், போர்ச்சுகீசிய வார்த்தை ஜப்பானிய வாயில் அப்படி ஆனது. நம் கத்தோலிக்கச் சொந்தங்கள் 'உத்தம மனஸ்தாப மந்திரம்' என்று சொல்கிறார்களே, அதுதான். பாவத்தை அறிக்கையிடக் குரு இல்லாத நாட்களில், உண்மையான மனஸ்தாபம் இருந்தால் தேவன் நேராகவே மன்னிப்பார் என்று சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்னப் புத்தகம் 1603-லேயே அங்கே தயாராகியிருந்தது. தடை வருவதற்குப் பதினோரு வருடம் முன்பே. அதை எழுதிவைத்தவர்களுக்குத் தங்கள் ஜனம் விழப்போகிறது என்று தெரிந்திருக்கிறது. விழுந்தபின் எழுந்திருக்க ஒரு ஜெபத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்பது வருடமாக நான் படித்த சபை வரலாற்றில் இதைவிடக் கரிசனமான காரியம் எனக்குத் தெரியாது.

ஆலயம் இல்லை, குரு இல்லை, அச்சடித்த வேதம் இல்லை. ஊருக்கு ஒருவர் பண்டிகை நாட்களைக் கணக்கு வைத்துச் சொல்வார். ஒருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். ஜெபங்கள் வாயிலிருந்து வாய்க்கு, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு. பாதி வார்த்தைகளுக்கு அர்த்தமே தெரியாது, லத்தீனும் போர்ச்சுகீசியமும் தேய்ந்து கலந்த ஒலிகள். விடாமல் சொன்னார்கள்.

1865-ல், தடை அமலில் இருக்கும்போதே, வெளிநாட்டு வியாபாரிகளுக்காக நாகசாகியில் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. மார்ச் 17-ஆம் தேதி உராகாமி கிராமத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல வாசலில் நின்றார்கள். பெர்னார்ட் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குரு கதவைத் திறந்துவிட்டுப் பீடத்துக்கு முன் முழங்காலிட்டார். அவர் பக்கத்தில் ஒரு பெண் வந்து காதோடு காதாகச் சொன்னாள், எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றுதான் என்று. பிறகு, மரியாளின் சொரூபம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். இரண்டரை நூற்றாண்டு. உலகத்துக்குத் தெரியாமல் அவர்கள் இருந்திருக்கிறார்கள். இது வெளியே தெரிந்ததும் திரும்பவும் கைது. உராகாமியின் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களை ஜப்பானின் தூரத்து ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அறுநூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. 1873-ல்தான் தடை நின்றது.

சகோதரி, இந்தப் பத்துப் பதினைந்து பேர் யாருடைய பிள்ளைகள்? மிதிக்க மறுத்தவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே கொல்லப்பட்டார்கள். ஆலய வாசலில் வந்து நின்றவர்கள், வருடா வருடம் மிதித்துவிட்டு ராத்திரியில் அழுது ஜெபித்தவர்களின் பேரப்பிள்ளைகள். தன் குழந்தையின் பாதத்தைப் பிடித்துத் தகட்டின்மேல் வைத்த தாய் ஒருத்தி அந்தப் பெண்ணின் பாட்டிகளில் கட்டாயம் இருந்திருப்பாள். நீங்கள் உங்கள் மகனின் முகத்தைப் பார்த்தீர்களே, அதே முகத்தைத்தான் அவளும் பார்த்தாள்.

மிதிப்பது சரி என்று நான் சொல்லவரவில்லை. கொன்சாலோவும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் நின்றிருக்காவிட்டால், மற்றவர்களுக்கு அழுவதற்கு ஒரு காரணம் இருந்திருக்காது. நான் சொல்வது, விழுந்தவர்களை விசுவாசத்தின் கணக்கிலிருந்து தேவன் அடித்துவிடவில்லை என்பதுதான். நம் வேதத்தில் பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனுக்குக் காலைச் சாப்பாடு வைத்துக்கொண்டு காத்திருந்ததும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில்தான். யோவான் 18-ம் 21-ம் அதிகாரங்களை இன்று ராத்திரி அடுத்தடுத்து வாசியுங்கள். அந்த ஒரு வார்த்தை இரண்டு இடத்திலும் வரும்.

நான் நிற்பேனா என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லை. அதற்குக் கார்த்தேஜ் சிறையில் ஒரு பதில் இருக்கிறது. 203-ல் பெலிசித்தா என்ற அடிமைப் பெண் எட்டு மாதக் கர்ப்பிணியாக உள்ளே இருந்தாள். பிரசவ வலியில் கத்தினபோது காவல்காரன், இதற்கே கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய் என்று கேட்டான். இப்போது படுகிற வலி நான் தனியாகப் படுவது, அன்றைக்கு என்னோடு இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார் என்றாள். அவள் பலசாலி என்று காட்ட இதைச் சொல்லவில்லை. வலித்தபோது அவளும் கத்தினாள். நாளைக்கு வேண்டிய பலம் அவளுக்கும் இன்றைக்கு வந்து சேரவில்லை. உங்களுக்கு மட்டும் நாலாசோபாரா சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது அது ஏன் வந்திருக்கவேண்டும்?

இனி உங்கள் கணவரின் சான்றிதழ். பயந்து பயந்து எழுதியிருக்கிறீர்கள், நேராகவே பேசுவோம்.

மகன் சொன்ன 'ஒரு பேப்பர்ல கையெழுத்து' உண்மையாகவே நடந்தது, 250-ல். டேசியஸ் என்ற ரோமப் பேரரசன், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பாப்பிரஸ் துண்டுகள்தான். பெயர், ஊர், நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் செலுத்தினேன், இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு விண்ணப்பம். நம் தாசில்தார் ஆபீஸ் மனு மாதிரியே இருக்கும். கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கும்பல் கும்பலாகப் போய்ப் பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமல் பணம் கொடுத்து வெறும் தாளை மட்டும் வாங்கினார்கள். ஆயரான சிப்ரியானோ ஊரைவிட்டே ஒளிந்துகொண்டார்.

உபத்திரவம் அடங்கினபின் சபைக்குள் சண்டை வந்தது. விழுந்தவர்களை ஒருபோதும் சேர்க்கக்கூடாது என்று ரோமில் நொவாத்தியன் என்பவர் தனிச் சபையே தொடங்கிவிட்டார். சிப்ரியானும் மற்ற ஆயர்களும் 251-ல் கூடி, தாளை மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். பலியே செலுத்தினவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதல் வைத்தார்கள். அடுத்த உபத்திரவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள், திரும்பவும் வெறுங்கையோடு நிற்கவேண்டாம் என்று. ஒளிந்த சிப்ரியான் 258-ல் ஓடவில்லை; தலை வெட்டப்பட்டு மரித்தார்.

உங்கள் மாமனார் வாங்கிய தாள் எந்த வகை? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. பட்டியல் சாதிக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கினதும் சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது. ஊர் அப்படி நினைக்கவில்லை. சபையும் நினைக்கவில்லை, கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் கட்டிப் பிரித்த சபைகள் தமிழ்நாட்டில் உண்டு. இது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. படிப்பா ஞானஸ்நானமா என்று ஒரு ஏழைத் தகப்பனை நிற்கவைத்த சட்டத்தைக் கேள்வி கேட்காமல், அவரை மறுதலித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் கூட்டிப்போனார். அவர் மனசில் என்ன ஓடியது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குச் சீக்கிரம் காலேஜ் அட்மிஷன் வரும். எந்தச் சான்றிதழ் என்ற கேள்வியும் கூடவே வரும். சட்டப்படி என்ன ஆகும் என்பதை ஒரு நல்ல வக்கீலிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. என் ஆலோசனை, அவனுக்குத் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுக்கவேண்டாம். தாத்தா ஏன் அப்படிச் செய்தார் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். தாளில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வளர்ந்த பிள்ளை எது நிஜம் என்று வாய்விட்டுக் கேட்பதில்லை, தானாகவே ஒன்றை முடிவு செய்துகொள்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் நடந்தது அதுதான். மார்ட்டின் லூத்தரின் சொந்த மண் அது, விட்டன்பெர்க் அங்கேதான் இருக்கிறது. 1950-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஏதோ ஒரு சபையில் இருந்தார்கள். கம்யூனிச அரசு சபையைத் தடைசெய்யவில்லை, ஆலயங்கள் திறந்தே இருந்தன. 1954-லிருந்து, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தலுக்குப் பதிலாக அரசே ஒரு சடங்கு வைத்தது. அதற்கு வராத பிள்ளைக்கு மேல்படிப்பில் இடம் கிடைப்பது கஷ்டம். அவ்வளவுதான். பெற்றோர் பிள்ளையின் படிப்பை நினைத்தார்கள். நாற்பது வருடத்தில் சபையில் மிஞ்சினது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பெர்லின் சுவர் விழுந்தபின்னும் மற்றவர்கள் திரும்பவில்லை. உலகத்திலேயே கடவுள் நம்பிக்கை மிகக் குறைந்த இடங்களில் ஒன்று அது இன்று. நாகசாகியில் சித்திரவதைக்கும் சாகாதது, அங்கே ஒரு அட்மிஷன் படிவத்தில் கரைந்துவிட்டது.

சோவியத் ரஷ்யாவில் அடி பலமாகவே விழுந்தது. ஆயிரக்கணக்கில் ஆலயங்களை இடித்தார்கள், குருமாரைச் சுட்டார்கள். ஆனால் 1937 கணக்கெடுப்பில் கடவுளை நம்புகிறீர்களா என்று ஸ்டாலின் கேட்கவைத்தபோது, வயதுவந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமாம் என்று பதிவு செய்தார்கள், கேட்கிறவன் யார் என்று தெரிந்தும். அந்தக் கணக்கெடுப்பையே அரசு மூடிவிட்டது. அங்கே விசுவாசத்தைப் பொத்திவைத்தது பாட்டிமார்தான். சீனாவைப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். கலாச்சாரப் புரட்சியில் ஆலயங்களெல்லாம் மூடியிருந்த பத்து வருடத்தில் அங்கே வீடுகளே சபையாகின.

உங்கள் ஊர்ப்பக்கமே எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளத்துக்குப் பக்கத்து முதலூர், இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன ஊர். 1799-ல், சொந்தக் கிராமங்களில் அடிபட்டு விரட்டப்பட்ட முதல் கிறிஸ்தவர்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் இடம் வாங்கி உண்டாக்கின ஊர் அது. ஒதுங்க இடம் தேடி ஓடிவந்தவர்களின் ஊர். தாராவிக்குப் பிழைக்க வந்த உங்கள் பெற்றோர் அந்தப் பக்கத்து வம்சம்தானே. நீங்கள் எந்தக் கையிலிருந்து வாங்கினீர்கள் என்று மகனுக்குத் தெரியுமா?

சரி, செய்யவேண்டியது என்ன?

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பனங்கிழங்கு அவித்த நாளில் எங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு நார் உரிப்பாள். ஒரு வசனம் தப்பில்லாமல் சொன்னால் ஒரு கிழங்கு. தப்பினால் பக்கத்துப் பிள்ளைக்குப் போய்விடும். 23-ம் சங்கீதம், 91, 121, பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் அப்படித்தான் எனக்குள் போனது. அப்புறம் நான் கல்லூரியில் படித்து மறந்தது ஏராளம், இது மறக்கவில்லை. நாளைக்கு என் வீட்டுப் புத்தகங்களை எல்லாம் யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் ஆச்சி கொடுத்தது என்னிடம் இருக்கும்.

உங்கள் மகன் பாட்டை போனில் பார்த்துப் பாடுகிறான் என்றால், போன் இல்லாமல் அவனிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாட்டை இரண்டு குறையுங்கள். செகரட்டரிக்கும் நிம்மதி. அந்த நேரத்தில் எல்லாரும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லுங்கள், பிள்ளைகள் முதலில். அவன் மராத்தியிலோ ஹிந்தியிலோ ஜெபித்தால் தடுக்காதீர்கள், அவன் கனவு காண்கிற மொழி அதுவாக இருக்கலாம். ஆனால் உங்கள் அம்மா உங்களுக்குச் சொன்ன வார்த்தைகள் தமிழில் இருக்கின்றன. அவை அவனுக்குப் போய்ச் சேரவேண்டும். தினம் பத்து நிமிடம் எழுத்துக் கூட்டினால் மூன்று மாதத்தில் படித்துவிடுவான்.

கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்து நின்றுபோனவர்கள் யாராவது இருந்தால், கடனோ குடியோ வெட்கமோ ஏதோ ஒன்றால், இந்த வாரம் நீங்களே போய்க் கூப்பிடுங்கள். விழுந்தவரைச் சேர்த்துக்கொள்ள இப்போதே பழகாத கூட்டம், அடி விழுகிற நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ளாது.

மகனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. செத்தாலும் மாட்டேன் என்று சொல்லவேண்டாம், பேதுரு அப்படித்தான் சொன்னான். நடந்ததையே சொல்லுங்கள்: "உன் முகத்தைப் பார்த்தேன், எனக்குப் பதில் வரல. நான் விழுந்தாலும் விழுவேன். விழுந்தா, அழுதுட்டு மறுபடியும் அவர்கிட்டதான் போவேன். எனக்குப் போக வேற இடம் இல்ல." அம்மா பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

எங்கள் சபையில் சின்ன வயதில் படித்த ஞானோபதேச வினாவிடைப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன். இல்லையென்றால், சயான் பக்கம் வரும்போது மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.